பாட்டியின் கோடாரி

ஆயுதங்களின் மேல் +1, +2, +3 என்று எண் போடும் வழக்கத்தையே எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஆளுக்கொரு பாத்திரமாக மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர்களிடம் இதைச் சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். பகடையில் விழும் எண்ணோடு ஒன்று கூட்டித் தரும் மாய வாள்தான் +1 வாள், அது இந்த விளையாட்டோடு கூடப் பிறந்தது. 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் பெட்டியிலேயே, அந்த மூன்று சின்னப் புத்தகங்களிலேயே அது இருக்கிறது. டிராகன் இல்லாத கேம்பெயின்கூட, அதாவது வாரக்கணக்கில் தொடரும் ஆட்டம்கூட, ஓடும், +1 வாள் இல்லாமல் ஓடாது என்று நினைக்கிறவர்களோடுதான் நானும் வாராவாரம் உட்கார்ந்து ஆடுகிறேன். இந்த எண்ணம் ரொம்ப நாளாக அரைகுறையாக மனசில் கிடந்தது. எங்கள் மேசையில் ஒரு கோடாரியை வைத்து வந்த வாக்குவாதம்தான் அதைத் தெளிவாக்கியது. அந்த வாக்குவாதம் முடிந்தபோது நான் ஆரம்பித்த இடத்தில் இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஐந்து பொன்

எங்கள் கூட்டத்தில் ஒரு தோழி டுவார்ஃப் ஃபைட்டராக, அதாவது குள்ளர் இனத்துப் போர்வீரராக, ஆடுகிறாள். கேரக்டர் உருவாக்கும்போதே ஆயுதத்துக்கும் சேர்த்துக் கதை எழுதிக்கொண்டு வந்தவள். சுரங்க வாசலில் காவல் நின்ற பாட்டியின் போர்க்கோடாரி அது. கைப்பிடி இரண்டு முறை மாறிவிட்டது, இரும்பு மட்டும் பழையது. ஆரம்பத்தில் ஓர் ஆட்டத்தில் ஓகர் என்ற அரக்கனின் மேல் அவள் கோடாரியை வீச, இருபது முகப் பகடையில் 1 விழுந்தது. கோடாரி பாறையில் மோதி அலகில் ஒரு துண்டு தெறித்துவிட்டது என்று ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) சொன்னார். விதிப்படி அதற்கு ஒரு பலனும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் அவள் அன்றைக்கே கேரக்டர் ஷீட்டின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடாரி வரைந்து, அலகில் அந்தப் பள்ளத்தையும் போட்டாள். அதன்பிறகு ஒவ்வொரு சண்டையிலும் அந்தப் பள்ளம் பேச்சில் வந்தது. எதிரியின் கேடயம் அதில் சிக்கியது, கயிறு அறுக்க அது உதவியது, தீ மூட்ட அதில் கல்லை உரசினார்கள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு பொருள் அது.

ஐந்தாம் லெவலில் ஒரு கல்லறைக்குள் போனோம். டிஎம் புதையல் அட்டவணையில் பகடை போட்டார். கல்பெட்டிக்குள் மார்பின் குறுக்கே ஆயுதத்தை அணைத்தபடி ஒரு பழைய டுவார்ஃப் பிரபு கிடக்கிறார், கையில் இருப்பது +2 போர்க்கோடாரி. மேசையே கைதட்டியது. தோழி ரப்பரை எடுத்து ஷீட்டில் 'பாட்டியின் கோடாரி, 1டி8+4' (எட்டு முகப் பகடையில் விழுவதோடு 4, அதுதான் சேதம்) என்பதை அழித்துவிட்டு, 'போர்க்கோடாரி +2, 1டி8+6' என்று எழுதினாள். அப்புறம் சாதாரணமாகக் கேட்டாள்: "அண்ணா, பழசை வித்தா என்ன வரும்?"

டிஎம் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், புத்தகத்தைப் புரட்டாமலே பதில் சொல்லக்கூடியவர். "போர்க்கோடாரி 10 பொன். வித்தா பாதி. 5 பொன்மா."

அவள் சரி என்று தலையாட்டி, பொன் கணக்கில் 5 சேர்த்துக்கொண்டாள். அடுத்த அறைக்கதவுக்கு ஆட்டம் நகர்ந்தது. எனக்கு மட்டும் நகரவில்லை. "கொஞ்சம் நில்லுங்க, பாட்டி கோடாரிய அஞ்சு பொன்னுக்குக் குடுக்கிறோமா?" என்று கேட்டேன். அங்கே ஆரம்பித்தது.

அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கணக்கைப் பாருங்கள். அவளுக்கு ஸ்ட்ரெங்த், அதாவது உடல்பலம், 18; தாக்கும்போது பகடையோடு 7 கூடும். ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15 உள்ள எதிரியைத் தொட பகடையில் 8 வேண்டும், அதாவது 65 சதவீதம். புதுக் கோடாரியோடு 6 போதும், 75 சதவீதம். ஒரு வெட்டின் சராசரி சேதம் 8.5-லிருந்து 10.5 ஆகிறது. இரண்டையும் பெருக்கினால், கிரிட்டிக்கலை (20 விழுந்தால் வரும் பலத்த அடி) கணக்கில் சேர்க்காமலே, ஒரு வீச்சுக்கு 5.5 இருந்தது கிட்டத்தட்ட 7.9 ஆகிறது. ஐந்தாம் லெவல் ஃபைட்டருக்கு ஒரு சுற்றில் இரண்டு வீச்சு, அதனால் 11 என்பது 16-ஐ நெருங்குகிறது. நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் கூடுதல். இதை வேண்டாம் என்று சொல்கிற ஃபைட்டர் தன் கூட்டாளிகளின் உயிரோடு விளையாடுகிறாள் என்றுதான் அர்த்தம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு 2 என்பது சின்ன எண்ணாகத் தெரியும். நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில் எல்லா எண்களையும் வேண்டுமென்றே குறுகலான வரம்புக்குள் வைத்திருக்கிறார்கள், அதனால்தான் அந்த 2-க்கு இவ்வளவு கனம். இத்தனை கனமான எண்ணுக்கு எதிரே எந்தக் கதையும் நிற்காது. அவள் தேர்ந்தெடுக்கவில்லை, விதி அவளுக்காகத் தேர்ந்தெடுத்தது.

அந்த எண் எப்படி வந்து உட்கார்ந்தது

எங்கள் கூட்டத்தில் 3.5 பதிப்பிலேயே (மூன்றாம் பதிப்பின் திருத்தம்) ஊறிய நண்பன் ஒருவன் உண்டு. மேஜிக் ஐட்டம் என்றால் அவனுக்கு எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். அவன் வாதம் நேரடியானது: "மச்சி, பிளஸ் இல்லாம மேஜிக் ஆயுதம்னா என்ன? ஆரம்பத்துலேர்ந்தே அதுதானே சாவி." சாவி என்று அவன் சொன்னது சரியான சொல். 1970-களின் அட்வான்ஸ்ட் பதிப்பில் கார்காயில் என்ற அரக்கனைக் காயப்படுத்த +1 ஆயுதமாவது வேண்டும், கோலம் என்ற இரும்புப் பொம்மை அரக்கனுக்கு +3 வேண்டும். குறைவாக இருந்தால் நீங்கள் எவ்வளவு வீசினாலும் கீறல் விழாது. எண் அங்கே ஒரு பூட்டைத் திறந்தது. அதோடு 1979-ல் வந்த டிஎம் புத்தகத்தில் ஒவ்வொரு மாயப் பொருளுக்கும் பக்கத்தில் இரண்டு தொகைகள் இருந்தன: வைத்துக்கொண்டால் இவ்வளவு அனுபவப் புள்ளி, விற்றால் இவ்வளவு பொன். +1 வாளை வைத்துக்கொண்டால் 400 புள்ளி. விற்றால் 2,000 பொன், அந்தப் பதிப்பில் ஒரு பொன்னுக்கு ஒரு புள்ளி என்பதால் 2,000 புள்ளி. ஆயுதம் வேண்டுமா, சீக்கிரம் லெவல் ஏறுவது வேண்டுமா என்று விதியே உங்களை நிறுத்திக் கேட்டது. எனக்கு அந்தப் பழைய புத்தகத்தில் ரொம்பப் பிடித்த இடம் இது. ஒரு பொருளை வைத்துக்கொள்வது என்பதையே ஒரு முடிவாக மாற்றிவிட்டது.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது எண் சாவியிலிருந்து நாணயமாக மாறியது. ஆயுதத்தின் கூடுதலை வர்க்கப்படுத்தி 2,000-ஆல் பெருக்கு, அதுதான் விலை: +1 என்றால் 2,000, +2 என்றால் 8,000, +5 என்றால் 50,000. செய்ய ஆகும் செலவு அதில் பாதி, ஆயிரம் பொன்னுக்கு ஒரு நாள் உழைப்பு. எந்த லெவலில் எவ்வளவு சொத்து இருக்க வேண்டும் என்பதற்கும் அட்டவணை இருந்தது. 3.5-ல் பத்தாம் லெவலுக்கு 49,000 பொன், இருபதாம் லெவலுக்கு 760,000. அரக்கர்களின் எண்களும் அந்தச் சொத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டன. விளைவு எல்லோருக்கும் தெரியும். ஆயுதம், கவசம், பாதுகாப்பு மோதிரம், தாயத்து, மேலங்கி, ஆற்றல் கூட்டும் பட்டி என்று ஒரே ஆறு பொருள்களை எல்லா வீரர்களும் வாங்கினார்கள். கிறிஸ்துமஸ் மரம் என்று ஆட்டக்காரர்களே அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு வீரனின் உடம்பு முழுக்க மாயம் மின்னியது, அதில் ஒன்றைப் பற்றிக்கூட யாருக்கும் சொல்ல ஒரு கதை இல்லை.

நண்பன் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவன் சொன்ன ஒரு விஷயம் உண்மையிலேயே கனமானது: 3.5-ல் பாட்டியின் கோடாரியைத் தூக்கிப்போட வேண்டிய அவசியமே இல்லை. வித்தியாசத்தைக் கட்டி அதே கோடாரியை +1 ஆக்கலாம், பிறகு இன்னொரு 6,000 கட்டி +2 ஆக்கலாம். பொருள் கூடவே வளரும். நியாயம்தான். ஆனால் அதற்கும் ஒரு வாசல்காவல் இருந்தது. மாயம் ஏற்ற வேண்டுமானால் அந்த ஆயுதம் மாஸ்டர்வொர்க், அதாவது உயர்தரக் கைவேலை, ஆக இருக்க வேண்டும், ஆயுதம் செய்தபிறகு அந்தத் தகுதியைச் சேர்க்க முடியாது. பாட்டி சுரங்க வாசலில் வைத்திருந்த சாதாரணக் கோடாரிக்கு, செய்யும்போதே கூடுதலாக 300 பொன் யாரும் கொடுத்திருக்கவில்லை என்றால், கதவு சாத்தியதுதான். பரம்பரை ஆயுதங்களுக்காகவே 2005-ல் தனியாக ஒரு புத்தகமும் போட்டார்கள். வீரன் வளர வளர ஆயுதமும் வளரும் என்ற நல்ல யோசனை. ஆனால் அந்த வளர்ச்சிக்குக் கூலியாகத் தாக்குதலில் கழிவு, ஹிட் பாயின்ட்டில் (உயிர்ப் புள்ளியில்) கழிவு என்று உடம்பிலிருந்தே பிடுங்கியது. பாட்டியின் கோடாரியை வைத்திருப்பதற்கு அபராதம் கட்ட யாருக்கு மனசு வரும்?

2008-ல் நான்காம் பதிப்பு இன்னும் ஒரு படி போனது. மாயப் பொருள்களை டிஎம் புத்தகத்திலிருந்து எடுத்து ஆட்டக்காரர்களின் புத்தகத்திலேயே வைத்துவிட்டார்கள். வேண்டியதைப் பட்டியல் எழுதி டிஎம்மிடம் கொடுக்கலாம். வேண்டாததைக் கரைத்துப் பொடியாக்கினால் விலையில் ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கும். இந்தப் பதிப்பைத் திட்டுகிறவர்கள் நிறைய. நான் திட்ட மாட்டேன், ஏனென்றால் அடுத்த வருடம் வந்த இரண்டாவது டிஎம் புத்தகத்தில் ஒரு மாற்று விதி இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்தாம் பதிப்பு கொடுத்த வாக்கு

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தச் சுமையை இறக்கி வைப்பதாக வாக்குக் கொடுத்தது. மேஜிக் ஐட்டம் இல்லாமலே வீரர்களும் அரக்கர்களும் மோதும்படி கணக்குப் போட்டிருக்கிறோம், கிடைத்தால் அது கூடுதல் என்றார்கள். 2017-ல் வந்த ஸானதார்ஸ் கைடு என்ற விதிப்புத்தகத்தில் இது வெளிப்படையாகவே எழுதப்பட்டது. எங்கள் டிஎம் அன்றைக்குப் பிடித்துக்கொண்டதும் இதைத்தான்: "அது போனஸ்பா. வேணும்னா எடுத்துக்கலாம், வேணாம்னா விட்டுடலாம். யாரும் கட்டாயப்படுத்தல." ஆனால் அந்தப் பதிப்பின் அரக்கர் புத்தகத்தைத் திறந்தால் ஓநாய்மனிதனை வெள்ளியோ மாயமோ இல்லாத ஆயுதத்தால் தொடவே முடியாது. உயர்ந்த லெவல் அரக்கர்களில் பல மாயமில்லாத அடியைப் பாதியாக்கிவிடும். பாட்டியின் கோடாரியோடு அங்கே போய் நிற்கும் ஃபைட்டர் பாதி ஆள்தான். வாக்கு ஒரு புத்தகத்தில், உண்மை இன்னொரு புத்தகத்தில். 2025-ல் வந்த புது அரக்கர் புத்தகம் இந்தத் தடையை எடுத்துவிட்டது என்பது எனக்கு மிகுந்த ஆறுதல். இத்தனை வருடத்துக்குப் பிறகாவது சாவி வேலையிலிருந்து அந்த எண்ணை விடுவித்தார்கள்.

சரி, அட்யூன்மென்ட் இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஒருவர் மூன்று மாயப் பொருளோடு மட்டுமே பிணைந்துகொள்ளலாம் என்ற அந்த விதி, என்னைக் கேட்டால், ஐந்தாம் பதிப்பின் மிகச் சிறந்த விதி. ஒரு மணி நேரம் பொருளோடு உட்கார வேண்டும். பொருளைவிட்டு 100 அடிக்கு மேல் விலகி ஒரு முழு நாள் இருந்தால் பிணைப்பு அறுந்துவிடும். கிறிஸ்துமஸ் மரத்தை ஒரே வெட்டில் சாய்த்தது அதுதான். நான்காவது பொருள் கிடைக்கும்போது எதை விடுவது என்று ஆட்டக்காரர் யோசிக்கிறார் பாருங்கள், அந்த யோசனைக்குத்தான் இந்த விளையாட்டில் நான் உட்கார்கிறேன். ஆனால் எங்கள் சிக்கலுக்கு அது உதவவில்லை, ஏனென்றால் வெறும் +1, +2, +3 ஆயுதங்களுக்கு அட்யூன்மென்ட் தேவையே இல்லை. மந்திரவாதியின் தாக்குதலுக்கு +1 தரும் போர் மந்திரக்கோலுக்கு ஒரு இடம் போகிறது, ஃபைட்டரின் +1 வாளுக்குப் போவதில்லை. ஃபைட்டருக்கு வாள்தான் பிழைப்பு, அதற்கு ஒரு இடம் பிடுங்கினால் பாவம் என்று நினைத்திருக்கலாம். நியாயமான யோசனை. ஆனால் அதன் பலனாக, எல்லாப் பொருள்களிலும் கதை குறைந்த அந்த ஒரு வகைக்கு மட்டும் நுழைவுக் கட்டணம் இல்லாமல் போய்விட்டது. பிணைப்பு வேண்டாம், யோசனை வேண்டாம், ரப்பர் ஒன்று போதும்.

செத்தவனின் கோடாரி

அன்று ஆட்டம் அதற்குமேல் போகவில்லை. நான் ஒரு யோசனை சொன்னேன், என் மனசில் அதுதான் தீர்வு. இதே வகை விளையாட்டான பாத்ஃபைண்டரின், 2019-ல் வந்த இரண்டாம் பதிப்பில் ஆயுதத்தின் எண் ஆயுதத்தில் இல்லை, அதில் பொறிக்கும் ரூனில், அதாவது மாய எழுத்தில், இருக்கிறது. ஒரு ஆயுதத்திலிருந்து ரூனை எடுத்து இன்னொன்றில் பொறிக்கலாம். ரூன் விலையில் பத்தில் ஒரு பங்கு செலவு, ஒரு நாள் வேலை. கல்லறைக் கோடாரியில் இருக்கும் +2-ஐ எடுத்துப் பாட்டியின் கோடாரிக்கு மாற்றிவிடலாம், டுவார்ஃப் கொல்லுப்பட்டறை ஒன்று கிடைத்தால் போதும், அவளுக்குக் கருமான் கருவிகளில் பயிற்சியும் இருக்கிறது. பள்ளம் விழுந்த அந்த அலகில் ரூன் மின்னுகிற காட்சியை நான் விவரித்தும் காட்டினேன். தோழியின் முகம் மலர்ந்தது. டிஎம்கூட இறங்கி வந்தார். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

3.5 நண்பன் அப்போதுதான் கேட்டான்: "மச்சி, உன் கட்சி பாட்டி கோடாரிக்குக் கதை இருக்குன்னுதானே? அந்தப் பெட்டிக்குள்ள கிடக்கிறவன் சாகும்போதும் மார்போட அணைச்சுக்கிட்டு கிடந்தானே, அவன் கோடாரிக்குக் கதை இல்லையா? அதை உறிஞ்சி எடுத்துட்டு வெறும் இரும்பா தூக்கிப் போடலாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்குப் போன பிறகும் வரவில்லை. அவன் சொன்னது முழுக்கச் சரி. ரூன் மாற்றும் விதி நம் கையில் இருக்கும் பொருளைக் காப்பாற்றுகிறது, கண்டெடுக்கும் பொருள்கள் எல்லாவற்றையும் பணப்பையாக்குகிறது. அதற்குப் பிறகு எந்தக் கல்லறையில் எந்த ஆயுதம் கிடைத்தாலும் எங்கள் கூட்டம் கேட்கப்போகும் முதல் கேள்வி 'இதில் எவ்வளவு இருக்கிறது' என்பதுதான், 'இது யாருடையது' என்பது இல்லை. ஒரு பிரபு கோடாரியை மார்போடு அணைத்தபடி ஏன் புதைக்கப்பட்டார்? கைதட்டிய நாங்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. அவரைப் பற்றி டிஎம் ஏதாவது எழுதி வைத்திருந்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. +2 என்று காதில் விழுந்ததுமே அந்த மனிதர் மறைந்துவிட்டார். அதாவது, அன்றைக்கு அந்த எண் ஒரே நேரத்தில் இரண்டு கோடாரிகளையும் கொன்றது. அதுவரை நான் பழைய கோடாரியின் வக்கீலாகப் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே எதிரி என்று அவன்தான் எனக்குக் காட்டினான்.

எண் ஆளுக்கு, அற்புதம் பொருளுக்கு

அதன்பிறகுதான் அந்த நான்காம் பதிப்பின் மாற்று விதியைத் தேடி எடுத்தேன். 2009-ல் வந்த இரண்டாவது டிஎம் புத்தகத்தில் இருக்கிறது. ஆயுதமும் கவசமும் கொடுக்க வேண்டிய கூடுதலை லெவல் ஏற ஏற வீரனுக்கே கொடுத்துவிடுவது. பாத்ஃபைண்டரிலும் இதே வகையான மாற்று விதி உண்டு, முதல் பதிப்பில் 2015-லும் இரண்டாம் பதிப்பில் அதன்பிறகும் வந்தது. வீரன் கையில் எந்தக் கோடாரி இருந்தாலும் அவன் வீச்சுக்கு அந்தக் கூடுதல் உண்டு. பாட்டியின் கோடாரியா, பிரபுவின் கோடாரியா, அடுப்படியில் கிடந்த விறகுக் கோடாரியா என்பது எண்ணைப் பொறுத்தவரை ஒன்றே. அப்போது ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்க வேறு காரணம் தேவைப்படும். அந்த வேறு காரணம்தான் மாயம்.

இதற்கு வந்த எதிர்ப்பை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நண்பன் சொன்னான்: "+2 கிடைச்சா ஒவ்வொரு தடவை பகடை போடும்போதும் அது என் கையில இருக்குன்னு எனக்குத் தெரியும். உன் அற்புதம்லாம் வருஷத்துக்கு ஒரு தடவைதான் பயன்படும்." உண்மை. எண் ஒவ்வொரு வீச்சிலும் பேசுகிறது. 14 போட்டுத் தவறவிட்ட அடி இன்று பட்டது என்றால் அது கோடாரியால் என்று ஆட்டக்காரருக்குத் தெரிகிறது, அந்தச் சந்தோஷம் சின்னது இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுள் குறைவு என்பது என் அனுபவம். கொஞ்ச நாளில் +9 என்பதுதான் அவளுடைய இயல்பான எண்ணாகிவிடும், அதில் 2 எங்கிருந்து வந்தது என்பதை அவளே மறந்துவிடுவாள். அப்புறம் அது +3 கிடைக்கும்வரை காத்திருக்கும் ஒரு குறையாகிவிடும்.

எண்ணே இல்லாத பொருள்களைப் பாருங்கள். இம்மூவபிள் ராட் என்று ஒரு இரும்புக் கோல். பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும், 8,000 பவுண்டு வரை தாங்கும். அவ்வளவுதான் விதி. ஓடுகிற கப்பலில் அதை அழுத்தினால் கோல் கப்பலோடு போகுமா, இல்லை நின்ற இடத்திலேயே நின்று கப்பலின் சுவரைக் கிழிக்குமா என்பதற்கு உலகம் முழுக்க டிஎம்கள் வெவ்வேறு தீர்ப்பு சொல்லியிருக்கிறார்கள். எங்கள் மேசையில் கோல் கப்பலைக் கிழிக்கும் என்பது தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு தோழியின் டுவார்ஃப் ஒரு கடற்கொள்ளைக் கப்பலையே நிறுத்தினாள். ஆல்கெமி ஜாடியும் அப்படித்தான். நாளுக்கு ஒரு திரவம் தரும்: பியர், தேன், எண்ணெய், கொஞ்சம் அமிலம், ஏன், இரண்டு கேலன் மயோனைஸ்கூட. மயோனைஸை வைத்து வழுக்கும் படிக்கட்டு செய்த கூட்டங்கள் எத்தனையோ. உள்ளே பெரிய இடம் கொண்ட மாயப் பையான பேக் ஆஃப் ஹோல்டிங்கை, மடித்து எடுத்துப்போகும் மாயக் குழியான போர்ட்டபிள் ஹோலுக்குள் போட்டால் இரண்டும் அழிந்து ஆஸ்ட்ரல் வெளி என்ற வேறொரு உலகத்துக்கு வாசல் திறக்கும், பத்தடிக்குள் இருப்பவர்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்தப் பொருள்களைப் பற்றி எல்லா ஆட்டக்காரர்களிடமும் சொல்ல ஒரு கதை உண்டு. +2 கோடாரியைப் பற்றி யாராவது ஒரு கதை சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

ஐந்தாம் பதிப்பிலேயே இந்தத் திசையில் நல்ல முயற்சிகள் இருக்கின்றன. 2020-ல் வந்த வைல்ட்மவுன்ட் புத்தகத்தில் சில ஆயுதங்கள் முதலில் உறங்கும், பிறகு விழிக்கும், பிறகு உச்சம் தொடும், எல்லாம் வைத்திருப்பவரின் வாழ்க்கையை ஒட்டி. 2021-ல் வந்த டிராகன் புத்தகத்தில் பொருளை ஒரு டிராகனின் புதையலில் ஊறவைத்தால் அதன் சக்தி எழும். இரண்டுமே பொருளைத் தூக்கிப்போடாமல் வளர்க்கிற யோசனை. எனக்கு இதில் ஒரே குறை, இவை பிறப்பிலேயே பெரிய பொருள்கள். சுரங்க வாசல் பாட்டியின் சாதாரணக் கோடாரி இந்த வரிசையில் ஏற வழியில்லை.

இதையெல்லாம் எழுதி டிஎம்முக்கு அனுப்பினேன். அவர் அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன் சீக்கிரமே வரச் சொல்லி, காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஃபைட்டருக்கு எண்ணைக் கொடுத்தால் ரேஞ்சர், ரோக் என்று ஆயுதத்தால் சண்டை போடும் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும், சரி. மந்திரவாதிக்கு? மந்திரவாதி வில்லாலோ கத்தியாலோ அடித்தால் கொடுக்கலாம், மந்திரத்துக்குக் கொடுக்க முடியாது, அவர்களுக்கு ஏற்கெனவே போதும் என்றார். ஐந்தாம் லெவலில் +1, பதினொன்றில் +2, பதினேழில் +3, ஆயுதத் தாக்குதலுக்கும் சேதத்துக்கும் மட்டும் என்று முடிவானது. மாயமில்லாத ஆயுதத்துக்கு எதிரான தடை எங்கெங்கே வருகிறதோ அங்கெல்லாம் அதை நீக்கிவிடுவது என்பதும் சேர்ந்தது. தோழிக்கு இதில் உடனடி நஷ்டம் ஒன்று, +2 இருந்த இடத்தில் +1. அவளிடம் கேட்டோம். "பாட்டிய திருப்பிக் குடுங்க, ஒண்ணு போனா பரவால்ல" என்றாள். பொன் கணக்கில் அந்த 5-ஐ அடித்தாள்.

பிரபுவின் கோடாரிக்கும் ஒரு வழி செய்தோம். டிஎம்மும் நண்பனும் சேர்ந்துதான் அதை எழுதினார்கள். அந்தப் பிரபு ஒரு முற்றுகையில் தன் கோட்டைக் கதவைத் தானே உள்ளிருந்து சாத்தியவர், வெளியே நின்ற தன் ஆட்களுக்குத் திறக்காமல் போனவர். அவர் கோடாரியின் பின்பக்கத்தால் எந்தக் கல்கதவைத் தட்டினாலும், அந்தக் கதவுக்குப் பின்னால் யாராவது உயிரோடு இருந்தால் பதிலுக்குத் தட்டு கேட்கும். அட்யூன்மென்ட் தேவை. தாக்குதலுக்கு ஒரு எண்ணும் கிடையாது. தோழி இப்போது இரண்டையும் சுமக்கிறாள், மூன்று இடங்களில் ஒன்றை இதற்குக் கொடுத்திருக்கிறாள். கொடுப்பதற்கு முன் ரொம்ப நேரம் யோசித்தாள், ஏனென்றால் அதற்காகப் பாதுகாப்பு மேலங்கியை விட வேண்டியிருந்தது.

கவசத்தில்தான் இன்னும் தகராறு. ஆயுதத்துக்குச் சொன்ன அதே நியாயம் கவசத்துக்கும் பொருந்தும் என்பது என் வாதம். அப்பாவின் சங்கிலிக் கவசத்தை மாட்டிக்கொண்டு வரும் பாலடினும் (புனிதப் போர்வீரன்) ஒருநாள் அதைக் கழற்றி எறிய வேண்டி வரும். டிஎம் ஒத்துக்கொள்ளவில்லை. +1 ஆயுதத்தை அசாதாரண வகையிலும் +1 கவசத்தை அதைவிட ஒரு படி மேலே அரிய வகையிலும் புத்தகம் வைத்திருக்கிறது, ஆர்மர் கிளாஸில் ஒன்று என்பது தாக்குதலில் ஒன்றைவிட விலை கூடியது, எல்லோருக்கும் அதைச் சும்மா கொடுத்தால் என் அரக்கர்கள் காற்றைத்தான் வெட்டுவார்கள் என்கிறார். பதினொன்றாம் லெவலுக்குப் பிறகு ஒரே ஒரு +1 மட்டும் கொடுத்தால் என்ன என்று நான் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். நண்பன் அவர் பக்கம், பாலடின் ஆடுகிறவர் என் பக்கம்.